நிஷி-கசாய் ஸ்டேஷன்: விரைவு ரயில் நிற்காதாமே? ஓட்டேமாச்சிக்குத் தினமும் போய்வர யோசனை சொல்லுங்கள்

புதுக்குடி எழுதியது:

அடுத்த மாதம் முதல் டோக்கியோவில் நிஷி-கசாய் ஸ்டேஷன் பக்கம் குடியேறுகிறோம். ஆபீஸ் ஓட்டேமாச்சியில். இரண்டுமே டோசாய் லைனில் இருப்பதால் மாறி ஏறும் வேலை இல்லை என்பது வரை தெரியும். ஆனால் இந்த ஸ்டேஷனில் விரைவு வண்டி நிற்காது, பக்கத்து உராயாசுவில் வீடு பார்ப்பதே மேல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் தெளிவாகிவிட்டால் நல்லது.

கேட்க விரும்புவது:

1. விரைவு நிற்காததால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்?
2. வாரம் மூன்று நாள்தான் ஆபீஸ். டெய்கி (மாத பாஸ்) எடுப்பதா, பாஸ்மோவில் (வாசலில் தொட்டுப் போகும் ஐசி கார்டு) பணம் ஏற்றிக்கொண்டு போவதா?
3. வண்டி நின்றுபோனால் வேறு வழி என்ன? ஃபுரிகாயே என்று ஒன்று இருக்கிறதாமே, அது யாருக்கு?
4. தள்ளுவண்டியில் குழந்தையோடு மனைவி தனியாகப் போகவேண்டி வரும். கவனிக்க வேண்டியது ஏதாவது?

---

நீலத்தடம் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். மற்றதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

டோசாய் லைன் நகானோவிலிருந்து நிஷி-ஃபுனாபாஷி வரை 30.8 கி.மீ., 23 ஸ்டேஷன். நிஷி-கசாயின் எண் டி-16, ஓட்டேமாச்சி டி-09. ஆக ஏழாவது நிறுத்தம். கைசோக்கு எனப்படும் விரைவு வண்டி நகானோவிலிருந்து டோயோச்சோ (டி-14) வரை எல்லா ஸ்டேஷனிலும் நின்றுதான் வரும். அதற்குப் பிறகுதான் தாவும்: டோயோச்சோ, உராயாசு, நிஷி-ஃபுனாபாஷி. காலையில் ஊருக்குள் போகும் திசையில் சூகின் கைசோக்கு என்று இன்னொரு வகை உண்டு. அது நிஷி-ஃபுனாபாஷியிலிருந்து உராயாசு வரை எல்லா இடத்திலும் நின்று, அங்கிருந்து நேராக டோயோச்சோவுக்குத் தாவும். இரண்டு வகையுமே நிஷி-கசாயைத் தொடாது. காரணம் பழையது. இந்தக் கிழக்குப் பகுதி 1969 மார்ச்சில் திறந்தபோது நிஷி-கசாய் ஸ்டேஷனே கிடையாது. வீடுகள் பெருகிய பிறகு, ஓடிக்கொண்டிருந்த மேம்பாலத் தடத்தில் 1979 அக்டோபரில் கூடுதலாகக் கட்டியது.

இதுவரை கேட்டால் உராயாசுக்காரர்கள் சொல்வது சரிபோலத் தோன்றும். ஆனால் லோக்கலை விரைவு எங்கே முந்துகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும். முந்தும் இடம் அடுத்த ஸ்டேஷனான கசாய். அங்கே நான்கு தடம். நடைமேடைகள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், லோக்கல் ஓரத் தடத்தில் வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ள இரண்டு தடத்துக்கு நடைமேடையே இல்லை. விரைவு அதில் நிற்காமல் பாய்ந்து போகும். மூன்று நான்கு நிமிடம் லோக்கல் காத்துக் கிடப்பது அங்கேதான்.

இப்போது உங்கள் பயணத்தை வைத்துப் பாருங்கள். காலையில் ஊருக்குள் போகும் லோக்கல் கசாயில் காத்து முடித்துவிட்டுத்தான் நிஷி-கசாய்க்கே வருகிறது. அதன்பிறகு ஓட்டேமாச்சி வரை எந்த வண்டியும் அதை முந்தாது. மாலையில் திரும்பும்போதும் அதேதான்: காத்திருப்பு கசாயில், நீங்கள் அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். இரண்டு பக்கமும் அந்தக் காத்திருப்பு உங்கள் தலையில் விழாது. லோக்கலில் ஏறி உட்கார்ந்தால், சரி, நின்றால், கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓட்டேமாச்சி. விரைவு நின்றிருந்தால் மிஞ்சுவது நடுவில் உள்ள மினாமி-சுனாமாச்சி என்ற ஒரே ஒரு நிறுத்தம்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விரைவு ஒன்று கடந்துபோகும் இடைவெளியில் உங்களுக்கு லோக்கல் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு லோக்கலுக்கு நடுவே ஒரு நேரம் குறைவாகவும் ஒரு நேரம் கூடுதலாகவும் வருவது இதனால்தான். கால அட்டவணையில் லோக்கல் மட்டும் தனியாகப் பார்த்து, கூடுதல் இடைவெளி விழும் நிமிடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

நடைமேடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். இங்கே இரு திசைக்கும் தனித்தனி நடைமேடை. கைசாட்சு (டிக்கெட் வாசல்) தாண்டியதும் படியேறும் முன்பே திசையைப் பார்த்துவிட வேண்டும். மேலே போய்த் தவறு தெரிந்தால் இறங்கி மறுபடி ஏறவேண்டும், அதற்குள் வண்டி போய்விடும். "சூக்கா" என்று அறிவிப்பில் காதில் விழுந்தால் நிற்காமல் கடக்கும் வண்டி வருகிறது என்று பொருள். இந்த மேம்பாலப் பகுதியில் 100 கி.மீ. வரை வேகம் உண்டு, ஆகவே மஞ்சள் புடைப்புக் கட்டைக்கு உள்ளேயே நில்லுங்கள்.

---

ரயில்பித்து எழுதியது:

மேலே சொன்னது சரி, ஆனால் குறுக்குவழி ஒன்று உண்டு. காலையில் எதிர்த்திசையில் இரண்டு ஸ்டேஷன் உராயாசு வரை போய், அங்கே சூகின் கைசோக்கு பிடித்தால் போயிற்று. மாலையில் ஓட்டேமாச்சியில் முதலில் வரும் விரைவில் ஏறி டோயோச்சோவில் லோக்கலுக்கு மாறலாம். நேரம் மிச்சம்.

---

நீலத்தடம் எழுதியது:

@ரயில்பித்து, இரண்டிலும் மிச்சம் இல்லை. மாலை விஷயம் முதலில். ஓட்டேமாச்சியிலிருந்து டோயோச்சோ வரை விரைவும் லோக்கலும் ஒரே தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, அதே நிறுத்தங்களில் நின்றுதான் போகின்றன. விரைவுக்கு முன்னால் போன லோக்கலை டோயோச்சோவில் பிடிக்க முடியாது. பின்னால் வரும் லோக்கலைத்தான் பிடிப்பீர்கள். அதை ஓட்டேமாச்சியிலேயே காத்திருந்து பிடித்தாலும் வீடு சேரும் நிமிடம் ஒன்றே. டோயோச்சோ வரை உட்கார இடம் கிடைக்கிறது என்றால் ஏறுங்கள், அது வேறு.

காலையில் உராயாசுவுக்குப் பின்னோக்கிப் போவதில் நேரமும் போகும், விதியும் இடிக்கும். நிஷி-கசாய்–ஓட்டேமாச்சி பாஸில் உராயாசு வரை போய்த் திரும்புவது பாஸ் எல்லைக்கு வெளியே செய்யும் பயணம். வாசல் எந்திரத்துக்குத் தெரியாது என்பதற்காக அது இலவசமாகிவிடாது. உட்கார இடம் பிடிக்க இப்படிப் பின்னால் போய்த் திரும்புவதை இங்கே கட்டண ஏய்ப்பாகவே பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இரவில் கண்ணயர்ந்து விரைவிலேயே டோயோச்சோவைத் தாண்டிவிட்டால் அடுத்து கதவு திறப்பது உராயாசுவில். இறங்கி எதிர்த்திசை லோக்கல் பிடித்து இரண்டு ஸ்டேஷன் திரும்ப வேண்டும். வாசலுக்கு வெளியே போகாதீர்கள். ஊழியர் கண்ணில் பட்டால் தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

டெய்கி கேள்விக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள் என்றால் எடுக்காதீர்கள்.

நிஷி-கசாய்–ஓட்டேமாச்சி ஒருவழிக்கு ஐசி கார்டில் 209 யென், காகித டிக்கெட் 210. போக வர 418. மாதம் 12 நாள் போனால் 5,016 யென். ஒரு மாதப் பாஸ் லாபமாக மாற ஏறத்தாழ 18, 19 நாளாவது போய்வர வேண்டும். மூன்று மாதப் பாஸுக்குச் சுமார் 5 சதவீதம், ஆறு மாதத்துக்குச் சுமார் 10 சதவீதம் கழிவு கிடைத்தாலும் 12 நாள் கணக்குக்கு அது எட்டாது.

ஆனால் கம்பெனி என்ன தருகிறது என்று முதலில் கேளுங்கள். போக்குவரத்துப் படியை (சூகின் தெஆத்தே) சில இடத்தில் ஆறு மாதப் பாஸ் விலையாக மொத்தமாகத் தருவார்கள், சில இடத்தில் ஆபீஸ் வந்த நாளுக்கு மட்டும். மாதம் 1,50,000 யென் வரை இதற்கு வரி கிடையாது. பாஸ் விலையையே தருகிறார்கள், பாஸின் நகலையும் கேட்கிறார்கள் என்றால் எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்தால் வார இறுதியில் நிஹோன்பாஷி, மொன்சென்-நகாச்சோ என்று நடுவில் எங்கே இறங்கினாலும் காசு கிடையாது. அந்த லாபத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.

எடுக்கும் விதம்: ஸ்டேஷனில் உள்ள பெரிய டிக்கெட் எந்திரத்தில் ஆங்கிலத் திரை உண்டு. வேலைக்குப் போகிறவர் எடுக்கும் புதிய பாஸுக்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், தொடங்கும் நாள், எங்கிருந்து எங்கே, எத்தனை மாதம். அவ்வளவுதான். மாணவர் பாஸ் என்றால் மட்டும் முதல்முறை சான்றிதழோடு பாஸ் விற்கும் கவுண்டருக்குப் போகவேண்டும். தொடங்கும் நாளுக்கு 14 நாள் முன்பிருந்தே வாங்கலாம், ஆகவே மாத முதல் நாள் காலை வரிசையில் நிற்கும் தண்டனை தேவையில்லை. போனில் மொபைல் பாஸ்மோ வைத்திருந்தால் எந்திரத்துக்கே போகவேண்டாம்.

தடம் புரளும் இடங்கள்:

பாஸ் முடிந்த மறுநாள் வாசல் உங்களை நிறுத்தாது. கார்டில் பணம் இருந்தால் சத்தமில்லாமல் 209 யென் கழித்துக்கொண்டு விட்டுவிடும். திரையில் மீதித்தொகை குறைவதைப் பார்க்காதவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கழித்ததைத் திரும்பப் பெற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடியும் தேதியை போன் நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

பாஸைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் நாள் கணக்கில் பணம் வராது. மாதக் கணக்கு. ஆறு மாதப் பாஸில் இரண்டு மாதமும் ஒரு நாளும் ஆகியிருந்தால் மூன்று மாதம் பயன்படுத்தியதாகவே எடுப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கும் கழிவு விலை போய், குறுகிய காலப் பாஸின் விலைப்படி கழிப்பார்கள். அதற்கு மேல் 220 யென் கட்டணம். வேலை மாறவோ வீடு மாறவோ யோசனை இருந்தால் ஆறு மாதம் எடுக்க வேண்டாம்.

தொலைந்தால்: பெயர் பதிந்த கார்டு என்பதால் டோசாய் லைனை நடத்தும் டோக்கியோ மெட்ரோவின் எந்த ஸ்டேஷனிலும் அடையாளச் சான்று காட்டி நிறுத்திவைக்கலாம். மறுநாள் முதல் 14 நாளுக்குள் புதிய கார்டு கையில் தருவார்கள், பாஸும் மீதித் தொகையும் அதிலேயே வந்துவிடும். கட்டணம் 520, கார்டின் முன்பணம் 500, ஆக 1,020 யென். பதியும்போது பெயரை உங்கள் அடையாள அட்டையோடு ஒத்துப்போகும்படி பதியுங்கள். நம்மவர்களின் நீளமான பெயரில் முன்னெழுத்து எங்கே, அப்பா பெயர் எங்கே என்று கவுண்டரில் நிற்கும் குழப்பம் எல்லாம் இதனால்தான்.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

நெரிசல் பற்றி யாரும் எழுதவில்லை. வீடு முடிவு செய்வதற்கு அதுதான் பெரிய விஷயம்.

இந்த லைனில் காலையில் மிக மோசமான இடம் கிபாவிலிருந்து மொன்சென்-நகாச்சோ வரை. 2019 நிதியாண்டுக் கணக்கில் 199 சதவீதம், நாட்டிலேயே முன்வரிசை. கொரோனா வந்த 2020-ல் 123 ஆக விழுந்தது, பிறகு மெல்ல ஏறிக்கொண்டு வருகிறது. இந்தச் சதவீதத்துக்கு அரசு வைத்திருக்கும் விளக்கம்: 100 என்றால் எல்லோருக்கும் இருக்கையோ கைப்பிடி வளையமோ கம்பமோ உண்டு. 180-ல் செய்தித்தாளை மடித்தால்தான் படிக்க முடியும். 200-ல் உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் வார இதழ் அளவுக்கு ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துப் படிக்கலாம். 250-ல் கையையே அசைக்க முடியாது. ஆவணத்தில் எழுதியதாயிற்றே, அப்படியே நம்ப வேண்டாம்.

நிஷி-கசாயில் ஏறும்போதே காலை 7:30-லிருந்து 8:30 வரை நிற்கத்தான் இடம். கதவருகே நின்றால் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்: இடையில் கதவு திறந்ததும் இறங்கி, கதவின் பக்கவாட்டில் நடைமேடையில் நின்று, உள்ளிருந்து இறங்குபவர்கள் இறங்கிய பிறகு முதல் ஆளாக ஏறுவது. இடம் போகாது. உள்ளேயே கல்லாக நின்றால்தான் தள்ளுமுள்ளு. மொன்சென்-நகாச்சோவிலும் கயாபாச்சோவிலும் நிஹோன்பாஷியிலும் கூட்டமாக இறங்குவார்கள், மூன்றிலும் வேறு லைன்கள் உண்டு. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுவது அல்லது மேல்தட்டில் வைப்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எந்தப் பெட்டி? வண்டி 10 பெட்டி, பெட்டி 20 மீட்டர், ஆக நடைமேடை நீளத்துக்கு 200 மீட்டர். தவறான முனையில் இறங்கினால் ஓட்டேமாச்சியில் கூட்டத்துக்குள் இரண்டு மூன்று நிமிடம் நடக்கவேண்டி வரும். நடைமேடைச் சுவரில் எந்தப் பெட்டி எந்த ஸ்டேஷனில் எந்தப் படிக்கு அருகில் நிற்கும் என்ற அட்டவணை ஒட்டியிருக்கும். உங்கள் ஆபீஸ் வெளிவாசலின் எண்ணை வைத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டேமாச்சியில் மெட்ரோ நான்கு, தோயேய் (டோக்கியோ மாநகர அரசு நடத்துவது) மீத்தா லைன் ஒன்று என்று ஐந்து லைன் சந்திக்கின்றன. வெளிவாசல் எண் தெரியாமல் மேலே வந்தால் அலைச்சல்தான்.

தரையில் வண்ணம் பூசி "பெண்கள் மட்டும்" என்று குறித்த பெட்டி வார நாள் காலையில் உண்டு. தொடக்கப்பள்ளி வயதுப் பையன்களும் மாற்றுத்திறனாளிகளும் உதவிக்கு வருபவரும் அதில் ஏறலாம். அவசரத்தில் அந்தக் குறியீட்டுக்கு எதிரே போய் நின்றுவிடாதீர்கள்.

தாமதம் ஏன் இத்தனை அடிக்கடி என்றால், 2019-ல் உச்ச நேரம் ஒரு மணியில் 27 வண்டி, அதாவது 2 நிமிடம் 13 நொடிக்கு ஒன்று. ஒரு வண்டியில் பை கதவில் மாட்டி, கதவு திரும்பத் திறந்து மூடினால் 15 நொடி. அது பின்னால் வரும் வண்டியை நிறுத்தும், அதற்கும் பின்னால் வருவதையும் நிறுத்தும். மெட்ரோ வைத்த மருந்துகளில் ஒன்று அகலக் கதவு. வழக்கமான 1.3 மீட்டருக்குப் பதில் 1.8 மீட்டர். 2010-ல் வந்த 15000 வரிசை வண்டிகளில் பார்க்கலாம். இன்னொன்று மினாமி-சுனாமாச்சியில் நடக்கும் வேலை: அங்கே இரண்டு நடைமேடை, மூன்று தடமாக மாற்றுகிறார்கள். ஒரு வண்டியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது பக்கத்துத் தடத்தில் நுழையலாம். இந்த வேலைக்காக 2024 மே 11, 12 தேதிகளில் டோயோச்சோவிலிருந்து நிஷி-கசாய் வரை இரண்டு நாள் முழுக்க வண்டியே ஓடவில்லை. இப்படிப்பட்ட நிறுத்தம் வந்தால் மாதக்கணக்கில் முன்னாலேயே சுவரொட்டி ஒட்டுவார்கள். வார இறுதியில் விமானம் பிடிக்க இருப்பவர்கள் சுவரையும் ஒரு பார்வை பார்க்கவேண்டும்.

தாமதச் சான்று (சியென் ஷோமேய்ஷோ) ஆபீஸில் கேட்டால் வாசலில் வரிசையில் நிற்க வேண்டாம். 5 நிமிடமும் அதற்கு மேலும் தாமதமானால் மெட்ரோ வலைத்தளத்தில் லைன் வாரியாக, நேரப்பகுதி வாரியாகப் போடுவார்கள். அச்செடுத்தோ இணைப்பாகவோ அனுப்பினால் போதும்.

---

மாற்றுவழி எழுதியது:

ஃபுரிகாயே பற்றி. மூன்றாவது கேள்வியில்தான் பலரும் சறுக்குவது.

வண்டி நின்றுபோனால் வேறு லைனில் கூடுதல் காசில்லாமல் போக விடுவதுதான் ஃபுரிகாயே யுசோ. ஆனால் அது யாருக்கு என்றால், பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவருக்கு: பாஸ் வைத்திருப்பவர் (பாஸ் எல்லைக்குள் மட்டும்), காகித டிக்கெட் வாங்கியவர். பாஸ்மோ, சுய்க்கா போன்ற ஐசி கார்டில் பணம் ஏற்றிப் போகிறவர் இறங்கும் வாசலில்தான் பணம் கட்டுகிறார், ஆகவே அவருக்குக் கிடையாது. கணக்கப்பிள்ளை சொன்னபடி பாஸ் எடுக்காமல் விட்டால் இந்த வசதியும் போகிறது என்று தெரிந்துகொண்டு விடுங்கள். வருடத்தில் சில நாள் விஷயம் என்பதால் அதற்காகவே பாஸ் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

பாஸ்காரர் செய்யவேண்டியது: மாற்று லைனின் எந்திர வாசலில் கார்டைத் தொடக் கூடாது. தொட்டால் அது சாதாரணப் பயணமாகி காசு கழியும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. ஊழியர் நிற்கும் ஓர வாசலுக்குப் போய்ப் பாஸைக் காட்டுங்கள். கார்டின் முகப்பில் அச்சான எல்லையைப் பார்த்து விடுவார்கள். மொபைல் என்றால் பாஸ் விவரத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். இறங்கும் இடத்திலும் இதேபோல் காட்டித்தான் வெளியே வரவேண்டும். அதோடு, ஃபுரிகாயே தொடங்கியது என்று அறிவித்த பிறகுதான் இது செல்லும். வண்டி நின்றவுடனே தானாக வந்துவிடாது.

பாஸ் இல்லாதவர் வாசலுக்குள் நுழைந்த பிறகு வண்டி நின்றது தெரிந்தால், அதே ஸ்டேஷனின் ஊழியர் வாசலில் சொன்னால் நுழைந்த பதிவை நீக்கிக் கொடுப்பார்கள், காசு போகாது. அதைச் செய்யாமல் நுழைந்து வெளியேறினால் அடுத்தமுறை எந்த வாசலிலும் கார்டு செல்லாமல் சிணுங்கும்.

நிஷி-கசாயிலிருந்து மாற்றுவழி இரண்டு. வடக்கே ஃபுனபோரி, தோயேய் ஷிஞ்சுகு லைன். தெற்கே கசாய்-ரின்காய்-கோயென், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) கேய்யோ லைன். நடந்தால் இரண்டுமே அரை மணிக்கு மேல், ஆகவே பஸ். ஷின்-கொய்வா போகும் தோயேய் பஸ் ஃபுனபோரி வழியாகத்தான் போகிறது. பஸ்ஸும் ஃபுரிகாயேயில் சேர்த்தியா என்பது அன்றன்று அறிவிப்பைப் பொறுத்தது, பஸ் பெயர் அறிவிப்பில் இல்லாவிட்டால் காசு கொடுத்துத்தான் ஏறவேண்டும். ஃபுனபோரியில் எக்ஸ்பிரஸ்ஸும் நிற்கும். ஜிம்போச்சோவில் இறங்கி மீத்தா லைனிலோ ஹன்சோமோன் லைனிலோ ஒரே ஸ்டேஷன், ஓட்டேமாச்சி. கேய்யோ லைனில் போனால் டோக்கியோ ஸ்டேஷன் வரை நேர்வண்டி, ஆனால் அங்கே கேய்யோ நடைமேடை தெற்கே வெகுதூரம் தள்ளி ஆழத்தில் இருக்கிறது. மேலே ஏறி ஓட்டேமாச்சி வரை நடப்பதற்கு நல்ல செருப்பு வேண்டும்.

காற்று நாளில் எதைத் தேர்ந்தெடுப்பது? மினாமி-சுனாமாச்சிக்கும் நிஷி-கசாய்க்கும் நடுவே சுரங்கம் முடிந்து வண்டி வெளியே வந்து அரகாவா ஆற்றைச் சுமார் 1.2 கி.மீ. பாலத்தில் கடக்கிறது. புயல் நாளில் டோசாய் மெதுவாவதும் நிற்பதும் இந்தப் பாலத்தால்தான். அன்றைக்குக் கேய்யோ பக்கம் ஓடாதீர்கள். அது கடலோரமாகவே ஓடும் லைன், காற்றுக்கு முதலில் நிற்பதும் அதுதான். ஷிஞ்சுகு லைனும் ஆற்றைப் பாலத்தில்தான் கடக்கிறது என்றாலும் மிச்சத்தில் அதுவே மேல். புயல் தெரிந்து வரும் நாளில் முந்தின நாள் மாலையே "திட்டமிட்ட நிறுத்தம்" அறிவிப்பார்கள், அன்று வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதை ஆபீஸும் ஏற்றுக்கொள்ளும்.

---

புதுக்குடி எழுதியது:

மிக்க நன்றி. கசாயில் முந்தும் விஷயம் எந்த வீட்டுத் தரகரும் சொல்லாதது. வீடு நிஷி-கசாயிலேயே எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. தள்ளுவண்டிக் கேள்வி மட்டும் நிற்கிறது. கூடவே, வண்டியில் பொருளை மறந்துவிட்டால் எங்கே கேட்பது?

---

மழைக்குடை எழுதியது:

தள்ளுவண்டியை மடிக்க வேண்டியதில்லை, விரித்தபடியே ஏறலாம். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்குமாக இருக்கை இல்லாத இடம் உள்ள பெட்டிகளின் கதவருகே படம் ஒட்டியிருக்கும். அங்கே நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட்டு, கைப்பிடியையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பூட்டு மட்டும் போதாது, மினாமி-சுனாமாச்சி தாண்டிய மேம்பாலப் பகுதியில் வண்டி வேகமெடுக்கும். முன்சக்கரம் நடைமேடைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிக்குவதுதான் வழக்கமான தொல்லை: ஏறும்போது முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி ஏறுங்கள், இறங்கும்போது பின்னோக்கி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி. லிஃப்ட் எங்கே என்பதைப் போகும் ஸ்டேஷனிலும் முன்கூட்டியே பாருங்கள். ஓட்டேமாச்சி மாதிரி இடத்தில் லிஃப்ட் மேலே கொண்டுவிடும் இடம் நீங்கள் போகவேண்டிய தெருவிலிருந்து வெகுதூரம் இருக்கலாம். வார நாள் காலை 9:30-க்கு மேல் கிளம்பினால் பாதிப் பிரச்சினை கிடையாது.

6 வயதுக்குக் கீழ்ப்பட்ட, பள்ளி சேராத குழந்தைகள் கட்டணம் கட்டும் ஒருவரோடு இரண்டு பேர் வரை இலவசம். தொடக்கப்பள்ளி சேர்ந்துவிட்டால் அரைக் கட்டணம், அதற்குச் சிறுவர் பாஸ்மோ தனியாக எடுக்க வயதுச் சான்று காட்டவேண்டும்.

மறந்த பொருளுக்கு: முதலில் தேவைப்படுவது எந்த வண்டி, எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு என்பது. நடைமேடைத் தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் போட்டிருக்கும், கதவின் உள்பக்கமும் ஒட்டியிருக்கும். ஏறிய நேரத்தோடு அதையும் சொன்னால் ஊழியர் வண்டி போகும் வழியில் உள்ள ஸ்டேஷனுக்கு போன் செய்து பார்க்கச் சொல்வார். அதே நாளில் கண்டுபிடிக்க அதுதான் வழி. டோசாய் வண்டியின் தொல்லை என்னவென்றால் அது மெட்ரோ எல்லையில் நிற்பதில்லை. மேற்கே ஜேஆர் தடத்தில் மிட்டாகா வரையும், கிழக்கே டோயோ விரைவு ரயில்வேயில் டோயோ-கட்சுடதை வரையும் போகும், நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் ஜேஆரில் சுடானுமாவுக்கும் போகும். பை இறங்கியது எந்த நிறுவனத்தின் ஸ்டேஷனோ அவர்களிடம்தான் கேட்கவேண்டும், மெட்ரோ பதிவில் வராது. ஆகவே ஏறும் வண்டியின் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பார்த்து வைக்கும் பழக்கம் நல்லது.

மெட்ரோ எல்லைக்குள் கிடைத்தவை சில நாள் கழித்து ஈடபாஷி ஸ்டேஷனில் உள்ள மெட்ரோவின் பொது இடத்துக்குப் போகும். அங்கிருந்து காவல்துறைக்கு. காவல்துறை மூன்று மாதம் வைத்திருக்கும், அதற்குப் பிறகு உரிமை போய்விடும். குடை மட்டும் நூற்றுக்கணக்கில் கிடக்கும், "கறுப்புக் குடை" என்று போய்ச் சொன்னால் தேடித் தர முடியாது. கைப்பிடியில் பெயர் எழுதிய பட்டை ஒன்று ஒட்டிவையுங்கள்.

தண்டவாளத்தில் ஏதாவது விழுந்துவிட்டால், குழந்தையின் செருப்பு அடிக்கடி விழும், இறங்கிவிடாதீர்கள். ஊழியரிடம் சொன்னால் நீண்ட பிடிகோலோடு வந்து வண்டி இல்லாத இடைவெளியில் எடுத்துத் தருவார்கள். காலை உச்ச நேரத்தில் விழுந்தால் உடனே எடுக்கமாட்டார்கள், கூட்டம் அடங்கியபின் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். விழுந்தது ஆள் என்றால் மட்டும் யாரையும் தேடாமல் தூணில் உள்ள அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள், வரும் வண்டி நிற்கும்.